ஒரு சனிக்கிழமை பிரெஞ்சுப் பாடம்

கொஞ்சம் நீளமான பதிவு. போயா லீவுதானே, ஆறுதலாக வாசியுங்கள். இதில் வரும் தாயிடமும் பிள்ளையிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேர மட்டும் போட்ராதீங்க சேர்" என்றார்கள். போடவில்லை.

பனிச்சங்கேணியில் படிப்பிக்கத் தொடங்கிய நாளிலிருந்து என்னிடம் ஏதாவது எழுதித் தரச்சொல்லி வருகிறவர்களுக்குக் குறைவில்லை. அஸ்வெசும மேன்முறையீடு, வங்கிப் படிவம், வெளிநாட்டு ஏஜென்சிக்குக் கடிதம். தமிழ் வாத்தி என்றால் ஊருக்கே எழுதுவினைஞர்தான். ஆனால் முந்தின வருடம் ஒரு தாய் எட்டாம் வகுப்பு மகளையும் கூட்டிக்கொண்டு வந்து கேட்டது புதுசு.

"சேர், ஒங்களுக்கு பிரெஞ்ச் தெரியுமாமே?"

தெரியும் என்று சொன்னால் பொய். நியமனம் கிடைப்பதற்கு முன்னால் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் இரண்டு வருடம் வரவேற்பு மேசையில் நின்றவன் நான். பிரான்ஸிலிருந்து வருகிற கிழவன் கிழவிகளுக்கு ஆங்கிலம் பிடிக்காது. நாம் ஒரு வார்த்தை அவர்கள் மொழியில் சொன்னால் முகமே மாறிவிடும். அந்த ஆசையில் ஒரு பழைய பாடப்புத்தகத்தை வைத்து இரவு வேலை நேரத்தில் படித்தேன். பிறகு போனில் கொஞ்சம். அவ்வளவுதான் என் பிரெஞ்சு.

அவருடைய கணவர் போய் ஒன்பது வருடம். பாரிஸுக்குப் பக்கத்தில் லா கூர்னேவ் என்ற இடத்தில் இருக்கிறார், ஒரு சமையலறையில் வேலை. அகதி அந்தஸ்து கிடைத்து, மனைவியையும் பிள்ளையையும் கூப்பிட அலுவல் நடந்துகொண்டிருந்தது. "போய் எறங்கி பேந்தப் பேந்த முழிக்காம நாலு சொல்லாவது தெரிஞ்சிருக்கணும்" என்று கணவர் சொல்லிவிட்டாராம். சரி என்று சனிக்கிழமைகளில் பின்னேரம் பள்ளிக்கூட மாமரத்தடியில் பாடம் தொடங்கினோம். தாய், மகள், வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்துவிட்ட இரண்டு பொடியன்கள்.

முதல் கிழமை பெயர் சொல்வது. பிழையில்லாமல் போனது. இரண்டாம் கிழமை நாட்டைச் சொல்வது. அதிலேயே கொஞ்சம் சிரிப்பு வந்துவிட்டது. பிரெஞ்சில் நாடுகளுக்கும் ஆண் பெண் உண்டு. பிரான்ஸ் பெண், இந்தியா பெண், நமது இலங்கை ஆண். பிரான்ஸில் என்பதற்கு 'ஆன் ஃப்ரான்ஸ்', இலங்கையில் என்பதற்கு 'ஓ ஸ்ரீலங்கா'. "நாமெல்லாம் தாய்நாடு எண்டு சொல்ற, அவங்களுக்கு அது ஆம்பிளையா?" என்று கேட்டாள் பிள்ளை. சிலோன் என்று இருந்த காலத்தில் 'செய்லான்' என்ற பெயருக்கு முன்னால் ஆண் பெண் காட்டுகிற அந்தச் சிறு சொல்லே போடமாட்டார்கள். 1972க்குப் பிறகுதான் நாம் பிரெஞ்சில் ஆணானோம்.

மூன்றாம் கிழமைதான் நாட்டினம். நான் யார், எந்த நாட்டு ஆள் என்று சொல்வது.

விதி பெரிதாக ஒன்றுமில்லை. நாட்டுப் பெயருக்கு ஒரு வால் ஒட்டவேண்டும், பெண்ணென்றால் அந்த வால் நீளும். நமது நன்னூலிலும் இடத்தை வைத்துப் பிறக்கும் பெயர் உண்டுதானே, அதே வேலைதான். ஆனால் நாம் இலங்கையர், இந்தியர் என்று 'அர்' போட்டு ஆணையும் பெண்ணையும் மரியாதையோடு ஒரே பாயில் இருத்திவிடுவோம். பிரெஞ்சு விடாது. வாயைத் திறக்கும்போதே ஆணா பெண்ணா என்று சொல்லியாகவேண்டும். இலங்கை ஆண் 'ஸ்ரீலாங்கே'. எழுதும்போது கடைசியில் ஒரு எஸ் இருக்கும், வாயில் வராது. பெண்ணென்றால் அந்த எஸ்ஸுக்குப் பிறகு ஒரு ஈ போடுவார்கள். உடனே ஊமையாக இருந்த எஸ் விழித்துக்கொள்ளும், 'ஸ்ரீலாங்கேஸ்'. ஃப்ரான்ஸே, ஃப்ரான்ஸேஸ் என்பதும் இதே வகை. ஜப்பானியர், பாகிஸ்தானியர் எல்லாரும் இந்த வாலுக்குள்தான். இந்தியர், இத்தாலியர், சவூதிக்காரர் வேறு வால்: ஆண் மூக்கால் முடிப்பான், 'இத்தாலியேன்'. பெண்ணுக்கு 'ன்' தெளிவாகக் கேட்கும், 'இத்தாலியென்'. சீனருக்கு 'ஷீனுவா', 'ஷீனுவாஸ்'. பெல்ஜியம்காரர், சுவிஸ்காரர், ரஷ்யர் மூவரும் ஆணென்றாலும் பெண்ணென்றாலும் மாறமாட்டார்கள். ஏனென்று கேட்காதீர்கள்.

இன்னொன்று: 'நான்' என்று தொடங்கினால் நடுவில் 'ஒரு' வராது. ஜ சுயி ஸ்ரீலாங்கேஸ், அவ்வளவுதான். தொழிலும் அப்படித்தான், சமயமும் அப்படித்தான். 'நான் ஒரு ஆசிரியன்' என்று நம் பிள்ளைகள் ஆங்கிலப் பழக்கத்தில் தமிழிலேயே எழுதுகிறார்கள், நான் சிவப்புப் பேனையால் அந்த 'ஒரு'வை வெட்டி வெட்டிக் களைத்துப்போனவன். பிரெஞ்சுக்காரன் என் பக்கம் என்று அன்றைக்கு ஒரு சந்தோசம்.

பிள்ளை டக்கென்று பிடித்துக்கொண்டாள். ஜ சுயி ஸ்ரீலாங்கேஸ், ஜ சுயி ஸ்ரீலாங்கேஸ் என்று பாட்டுப்போல. தாய் வாய் திறக்கவில்லை.

"தங்கச்சி, நீங்க சொல்லுங்க."

"ஜ சுயி தமூல்" என்றார்.

தமூல் என்றால் தமிழர், தமிழச்சி. அதில் ஒரு விசேசம், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஓசை, எழுத்தில் மட்டும்தான் ஒரு ஈ கூடும். பிழையான பிரெஞ்சு இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு விடை அதில்லை. விசாப் படிவத்தில் 'தற்போதைய நாட்டினம்', 'பிறக்கும்போது நாட்டினம்' என்று இரண்டு கட்டம் இருக்கும், அங்கே இதை எழுதினால் திரும்பி வரும் என்று விளக்கினேன். இரண்டாம் தடவையும் "தமூல்" என்றார். மூன்றாம் தடவை கேட்டபோது கொப்பியை மூடினார்.

"சேர், அந்தச் சொல் எனக்கு வாய்க்குள்ள வருகுதில்ல."

பொடியன்களை எழுந்து போகச் சொன்னேன்.

2006 கடைசியில் வாகரைப் பக்கமிருந்து சனம் எப்படி வெளியேறியது என்று இங்கே பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. காடும் களப்பும் தாண்டி, கழுத்தளவு தண்ணீரில், பிள்ளைகளைத் தலையில் வைத்துக்கொண்டு வாழைச்சேனைப் பக்கம் வந்தார்கள். இவர் அப்போது கலியாணம் கட்டாத பெட்டை. தாயும் தங்கச்சியும் இவரும் வந்து சேர்ந்தார்கள். அண்ணன் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. மரண அத்தாட்சிப்பத்திரம் எடுக்கத் தாய் சம்மதிக்கவில்லை. "அவன எங்க எண்டு கேட்டுக் கேட்டு எத்தன கந்தோர் ஏறி எறங்கின நாங்க. ஒரு பதில் இல்ல. மறுகா அந்த நாட்டுக்காரி எண்டு என்ட வாயால நான் சொல்லணுமா சேர்?"

இதற்கு எந்தப் பாடப்புத்தகத்தில் விடை இருக்கிறது? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிரெஞ்சில் 'நசியோனாலித்தே' என்று கேட்பது மனசைப் பற்றிய கேள்வி இல்லை, கடவுச்சீட்டைப் பற்றிய கேள்வி. நீ எந்த அரசாங்கத்தின் புத்தகத்தில் இருக்கிறாய் என்பது மட்டும்தான். புதுச்சேரியில் சேலை உடுத்து, மீன்குழம்பு வைத்து, தமிழில் சண்டை பிடிக்கிற ஒரு கிழவி 'ஜ சுயி ஃப்ரான்ஸேஸ்' என்று சொல்வார், அது உண்மையாகவும் இருக்கும். 1962 ஓகஸ்ட் 16இல் அந்த ஊர் சட்டப்படி இந்தியாவுக்குப் போனபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஆறு மாத அவகாசம் இருந்தது. எழுதிக்கொடுத்த குடும்பம் பிரெஞ்சு, எழுதாத பக்கத்து வீடு இந்தியா. நமது மலையக மக்களைப் பாருங்கள், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தோடு பல லட்சம் பேர் எந்த நாட்டு ஆளும் இல்லாமல் போனார்கள். அவர்கள் வீட்டில் அதற்குப் பிறகு பிறந்த ஒரு பிள்ளை அந்தப் படிவத்தின் இரண்டாம் கட்டத்தில், பிறக்கும்போது என்ன நாட்டினம் என்ற இடத்தில், என்ன எழுதும்? அதற்கும் பிரெஞ்சில் ஒரு சொல் இருக்கிறது, 'அப்பாத்ரீட்', நாடற்றவர். நல்லவேளை, அதற்கும் ஆண் பெண் வித்தியாசமில்லை.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார், தலையாட்டவில்லை.

பிறகு வட்ஸ்அப்பில் கணவரின் வதிவிட அட்டைப் படத்தைக் காட்டினார். நாட்டினம் என்ற இடத்தில் 'ரெஃபூஜியே ஸ்ரீலாங்கே' என்று இருந்தது. இலங்கை அகதி. இலங்கையில் இருக்கமுடியாது என்று ஓடிப்போன மனிதனின் சட்டைப்பையில் இலங்கையின் பெயர் இருக்கிறது. "இவருக்கே இப்பிடித்தான் போட்டிருக்கா?" என்று கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்ன புதுச்சேரிக் கதையெல்லாம் செய்யாததை அந்த அட்டை செய்தது.

அடுத்த தலையிடி பிறப்பு அத்தாட்சிப்பத்திரம். நம்முடைய பத்திரத்தில் தகப்பனின் இனம், தாயின் இனம் என்று இடம் இருக்கிறது. இலங்கைத் தமிழர், இலங்கைச் சோனகர், சிங்களவர் என்று அதில் எழுதியிருக்கும். பிரெஞ்சுக்கு மொழிபெயர்க்கும்போது அந்த 'இனம்' என்ற சொல் அங்கே ஒரு நெருப்புத்துண்டு மாதிரி. 1978ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்களின் இனம், சமயம் பற்றிய விவரங்களைத் திரட்டுவதைப் பொதுவாகத் தடுக்கிறது, சில விதிவிலக்குகள் தவிர. ஆகவே பிரான்ஸில் எத்தனை தமிழர் என்று அரசாங்கக் கணக்கில் பார்க்கமுடியாது, எத்தனை இலங்கையர் என்றுதான் பார்க்கலாம். 2018 ஜூலையில் அவர்களுடைய அரசியலமைப்பின் முதலாம் உறுப்புரையில் இருந்த 'இனம்' என்ற சொல்லையே எடுத்துவிட வேண்டுமென்று தேசிய சபை வாக்களித்தது. அந்தத் திருத்தம் பிறகு நிறைவேறாமல் நின்றுபோனது வேறு கதை. இதை நான் புகழ்ந்து சொல்லவில்லை. கணக்கெடுக்காவிட்டால் பாகுபாடு இல்லாமல் போகாது. வேலைக்கு விண்ணப்பிக்கிற கறுத்த பொடியனுக்கு அது தெரியும். ஆனாலும் பிறந்த குழந்தையின் முதலாவது கடதாசியிலேயே இனத்தை எழுதிவைத்து வளர்ந்த நமக்கு, அதைக் கேட்கவே கூச்சப்படும் ஒரு நாடு இருக்கிறது என்பது யோசிக்க வைக்கிற விசயம்தான்.

இனி என் கதை. அதற்குத்தான் இந்தப் பதிவை எழுத இத்தனை மாதம் எடுத்தது.

நாலாம் கிழமை. பிள்ளை கொப்பியில் ஒரு வசனம் எழுதவேண்டும்: இலங்கையில் யார் யார் வாழ்கிறார்கள். ஆளைக் குறிக்கும் பெயராக வந்தால் முதல் எழுத்து பெரிய எழுத்து, அடைமொழியாக வந்தால் சின்ன எழுத்து என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து என்று ஒன்று இல்லாததால் நம் பிள்ளைகளுக்கு இது பெரிய வில்லங்கம். 'அவ ஒரு தமிழச்சி' என்றால் பெரிய டீ. 'தமிழ்ப் பாட்டு' என்றால் சின்ன டீ. அவள் அழகாக எழுதினாள்: சிங்களவர், பெரிய எழுத்து. தமிழர், பெரிய எழுத்து. முஸ்லிம்கள், பெரிய எழுத்து.

நான் சிவப்புப் பேனையால் மூன்றாவதைத் திருத்தினேன். முஸுல்மான் என்பதற்குச் சின்ன எம். சமயத்தவரின் பெயர் எப்போதும் சின்ன எழுத்து, கிறிஸ்தவரானாலும் அப்படித்தான்.

"ஏன் சேர், ஒங்கட ஆக்களுக்கு மட்டும் சின்னதா?"

"அது இனம் இல்ல மகள், சமயம். அதான்."

"அப்ப ஒங்கட இனம் என்ன?"

தாய் "பேசாம இரு புள்ள" என்று அதட்டினார். நான் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் ஓட்டமாவடிக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது மாங்கேணி, காயங்கேணி தாண்டியும் அந்தச் சின்ன எம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

அவளுக்கு என்ன பதில் சொல்வது? என் பத்திரத்தில் 'இலங்கைச் சோனகர்'. ஆங்கிலத்தில் மூர். 2012 குடிசன மதிப்பீட்டில் 18 லட்சத்து 92 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாங்கள் அந்தப் பெயரின் கீழ்தான் எண்ணப்பட்டோம். 1505இல் வந்த போர்த்துக்கேயர், தங்கள் ஊர்ப்பக்கம் கண்ட வட ஆபிரிக்க முஸ்லிம்களுக்கு வைத்திருந்த பெயரை இங்கே கண்ட முஸ்லிம்களுக்கும் வைத்தார்கள். பிரெஞ்சில் அது 'மோர்', அதற்குப் பெரிய எழுத்து உண்டு. ஆனால் பாரிஸில் நான் 'மோர்' என்று சொன்னால் மொரித்தானியாவா மொரோக்கோவா என்றுதான் கேட்பார்கள். ஆக, பெரிய எழுத்து வேண்டுமென்றால் போர்த்துக்கேயன் பிழையாக வைத்த பெயரை எடுக்கவேண்டும். என் பெயரை நானே வைத்துக்கொண்டால் சின்ன எழுத்து.

இந்த வழக்கு பழசு. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் சோனகர் இனத்தால் தமிழரே என்று கட்டுரை வாசித்தார். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து நூல் எழுதினார். இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், வழக்கு மட்டும் நம் தேத்தண்ணிக் கடைகளில் இன்னும் நடக்கிறது. பிரெஞ்சு ஆட்சியிலிருக்கும் ரியூனியன் தீவில் நமக்கு ஒரு சோடி இருக்கிறது தெரியுமா? கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழர்களை அங்கே 'மல்பார்' என்கிறார்கள், மலபார் என்ற சொல். குஜராத்திலிருந்து துணி வியாபாரத்துக்குப் போன முஸ்லிம்களை 'ஸராப்' என்கிறார்கள், அரபுகள் என்று அர்த்தம். தமிழகத்தான் மலபாரானான், குஜராத்தி அரபியானான். எங்கே போனாலும் பெயர் வைக்கிறவன் வேறு ஆள்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்தத் தாய் 'ஸ்ரீலாங்கேஸ்' என்று சொல்ல மறுத்தபோது நான் வாத்தி மாதிரி விளக்கம் கொடுத்தேனே, எனக்கும் அந்தச் சொல் தொண்டையில் நின்ற நாள் உண்டு. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஒரு காலை, சோதனைச்சாவடியில் அடையாள அட்டையில் பெயரைப் பார்த்ததும் என்னை மட்டும் இறக்கினார்கள். பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். உள்ளே எட்டாம் வகுப்புத் தமிழ்க் கொப்பிகள் முப்பத்தெட்டு. ஒவ்வொன்றையும் விரித்து உதறினார்கள். நான் பொறுக்கிக்கொண்டே "நானும் இலங்கையன்தானே" என்றேன். சொன்ன பிறகுதான் கேட்டது, அது கெஞ்சுகிற குரலாக இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொப்பிகளில் மண் ஒட்டியிருந்தது. அன்று வகுப்பில் பிள்ளைகள் ஏன் சேர் மண் என்று கேட்டபோது மோட்டார் சைக்கிளில் விழுந்துவிட்டதாகச் சொன்னேன்.

இதை அடுத்த சனிக்கிழமை அந்தத் தாயிடம் சொன்னேன். பாடம் நடத்த வந்த வாத்தி ஏன் இதைச் சொல்கிறான் என்று அவர் நினைத்திருக்கலாம். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கு அந்தச் சொல்ல சொன்னது ஒங்களுக்கு ஒதவல்லதானே சேர்."

"இல்ல."

"அங்க எனக்கு ஒதவுமா?"

"விசா வரும். புள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடைக்கும்."

கொப்பியைத் திறந்தார். 'ஜ சுயி ஸ்ரீலாங்கேஸ்' என்று எழுதினார், சின்ன எஸ்ஸில், பிழையில்லாமல். வாசிக்கவில்லை. நானும் வாசிக்கச் சொல்லவில்லை. அதற்குக் கீழே தானாகவே இன்னொரு வரி எழுதினார்: நான் தமிழ் பேசுகிறேன். அதை வாசித்தார்.

அன்று இரவு அகராதியில் தேடிக்கொண்டிருந்தபோது எனக்கும் ஒன்று அகப்பட்டது. பிரெஞ்சு பேசுகிறவர் ஃப்ராங்கோஃபோன் என்பதுபோல, தமிழ் பேசுகிறவருக்கு 'தமூலோஃபோன்'. இலங்கையைப் பற்றி எழுதும் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எங்களை 'தமிழ் பேசும் முஸ்லிம்கள்' என்று அந்தச் சொல்லால்தான் எழுதுகிறார்கள். செல்வநாயகம் காலத்துத் தமிழரசுக் கட்சி மேடைகளில் 'தமிழ் பேசும் மக்கள்' என்று கேட்டு வளர்ந்தவர் என் வாப்பா. பிறகு அந்தச் சொல்லுக்குள் இருந்தவர்களுக்கிடையில் எவ்வளவோ நடந்துவிட்டது. இந்தப் பதிவில் அதைத் தொட விரும்பவில்லை. இரண்டு பக்கமும் கபுறும் சுடலையும் இருக்கிறது.

பிள்ளையின் கேள்விக்கு அந்தச் சொல்லைப் பதிலாகக் கொடுத்தேன். பலகையில் எழுதிக் காட்டினேன். "இதுவும் சின்ன எழுத்துத்தானா சேர்?" என்று ஏமாற்றத்தோடு கேட்டாள். வேண்டுமென்றால் வசனத்தின் தொடக்கத்தில் போடு, பெரிதாகும் என்றேன்.

அவர்கள் போய்ச் சில மாதமாகிறது. புதிதாக வந்த பிறமொழிப் பிள்ளைகளுக்கென்று அங்கே தனி வகுப்பு இருக்கிறது, அதில் சேர்த்திருக்கிறார்கள். மாலி நாட்டுப் பிள்ளை, போர்த்துக்கல் பிள்ளை, பங்களாதேஷ் பிள்ளை எல்லாரும் ஒரு மேசையில். பங்களாதேஷ் பிள்ளை 'பாங்லாதேஸ்', இவள் 'ஸ்ரீலாங்கேஸ்', இரண்டுக்கும் ஒரே வால் என்பதால் கூட்டாளியாகிவிட்டார்களாம். தாய் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குக் கதைக்கிறாராம். நாட்டினம் கேட்டால் என்ன சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.

போன கிழமை பிள்ளையிடமிருந்து ஒரு குரல் பதிவு. ஊர்களுக்கும் இப்படி ஆள்பெயர் உண்டாம், பாரிஸ் பெட்டைக்குப் 'பாரிஸியென்' என்றாம், ஒவ்வொருவரும் தன் ஊருக்கு ஒன்று செய்துகொண்டு வரச்சொன்னாராம் டீச்சர். "எங்கட ஊருக்கு என்ன வால் சேர் ஒட்டுற?"

கொஞ்சம் யோசித்தேன். 'ணி' என்று முடிகிற ஊர். மாங்கேணிக்கும் பொருந்தும், காயங்கேணிக்கும் பொருந்தும். பதில் அனுப்பினேன்: பொடியன் என்றால் மூக்கால் முடி, பெட்டை என்றால் 'ன்' தெளிவாகக் கேட்கவேண்டும். பனிச்சங்கேணியென்.

பின்னால் தாயின் குரலும் கேட்டது. இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், சத்தமாக.